காலித் துப்பாக்கியின் சத்தம்

துப்பாக்கியைப் பத்தி எங்க வரலாற்றுத் துறையில ஆராயாதது ஒண்ணும் பாக்கி இல்ல. யார் வச்சிருந்தான், எப்போ வச்சிருந்தான், ஏன் வச்சிருந்தான், வச்சிருந்தப்ப அவன் மனசு என்ன பாடுபட்டுச்சு, எல்லாத்துக்கும் ஒரு ஆள் இருக்கு. "அமெரிக்க வாழ்வில் துப்பாக்கி ஆய்வு மையம்"னு பித்தளைப் பலகை வேற. போன இலையுதிர்காலத்துல பெரிய கருத்தரங்கு வச்சாங்க. எங்கெங்கேயோ இருந்து விமானத்துல வந்து இறங்கினவங்க, துப்பாக்கிக்கு ஒரு பண்பாடு இருக்கா, பல பண்பாடு இருக்கான்னு வந்த நாள்ல இருந்து போற நாள் வரைக்கும் சண்டை போட்டாங்க. கடைசியில அதை ஆராய ஒரு கமிட்டி போட்டுக் கலைஞ்சாங்க. சாப்பாடு மட்டும் பிரமாதம், ஏன்னா அதுக்குச் சொல்லிவிட்டது நான்.

என் பேர் ரேனெல் டகெட். துறை அலுவலகம் என் பொறுப்பு. இந்த ஊர் டெக்ஸஸ்ல நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கு, இங்கே ஒண்ணு பருத்தி, இல்லேன்னா பல்கலைக்கழகம், வேற பொழப்பு கிடையாது. சாவி, அறை, காப்பி, வாத்தியாருங்க கண்ணீர், எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகணும். என் கைப்பையை மேஜைக்குக் கீழே காலோட ஒட்டி வச்சிருப்பேன். யாராவது நகர்த்தப் பார்த்துட்டு, "என்ன மிஸ் ரேனெல், உள்ள செங்கல்லா?"ன்னு கேப்பாங்க. பொம்பளை கைப்பையில ஆயிரம் இருக்கும், உனக்கென்னன்னு வாயை அடைச்சிருவேன்.

மையத்துக்குத் தலைவர் ப்ரொஃபசர் எவரெட் லூமிஸ். துப்பாக்கி ஒரு பொருளே இல்ல, அது ஒரு வாக்கியம்னு தடிமனா ஒரு புத்தகம் எழுதினாரு. அதுக்குப் பரிசெல்லாம் குடுத்தாங்க. அந்த வாக்கியத்தை அவர் ஒரு தடவைகூடக் கையில எடுத்துப் பார்த்தது கிடையாது. ஏன் சார்னு நான் ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன். "தொட்டுட்டா ஆய்வாளனுக்கு வேண்டிய விலகல் போயிடும், ரேனெல்"னாரு. மாட்டைத் தொடாம பால் கறக்கிற ஜாதி. இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற கிழவிக்குக்கூடக் குறி வைக்கத் தெரியும். எங்க மையத்துத் தலைவருக்கு எந்தப் பக்கம் குண்டு வரும்னு தெரியாது.

டாக்டர் ஒடெஸா ப்ரூயிட் அப்படி இல்ல. அவ இந்த ஊர்ப் பொண்ணு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பருங்க தெருவுல வளர்ந்தவ. வடக்கே பெரிய இடத்துல படிச்சு, அங்கேயே வேலையும் கிடைச்சு, அதை உதறிட்டுத் திரும்பி வந்தா. காரணம் அவ அப்பா ஏமஸ். அவருக்கு ஞாபகம் சுத்தமாப் போயிடுச்சு. ஊர்க்கோடியில முதியோர் இல்லத்துல இருக்காரு. யாரையும் அடையாளம் தெரியாது, ஆனா மக குரல் கேட்டாத்தான் வாயைத் திறந்து சாப்பிடுவாரு. நர்சுங்க கெஞ்சிப் பார்த்தாச்சு, மிரட்டிப் பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கலை. தினம் சாயங்காலம் வகுப்பு முடிஞ்ச கையோட இவ ஓடுவா.

இவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. எங்க தொழில்ல அது ஒரு கொடுமை. ஆறு வருஷம் வேலை வாங்கிட்டு, அப்புறம் கமிட்டி உக்காந்து பார்க்கும். பிடிச்சிருந்தா ஆயுசுக்கும் வேலை. பிடிக்கலையா, பெட்டியைக் கட்டுன்னு சொல்லிருவாங்க. நடுவுல ஒண்ணும் கிடையாது. இங்க இல்லேன்னா, பனி கொட்டுற மினசோட்டா பக்கம் எங்கேயோதான் அவ படிப்புக்கு வேலை. அப்பாவை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

"நான் போனா அவர் சாப்பிடறதை நிறுத்திருவாரு, மிஸ் ரேனெல்," ஒருநாள் என் மேஜை ஓரத்துல உக்காந்து சொன்னா. "அவ்வளவுதான் விஷயம். புத்தகம், பேரு, எல்லாம் அப்புறம்."

அழவே இல்ல. அதுதான் எனக்குத் தாங்கலை. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, என் வீட்டுக்காரர் டேல் செத்தும் ரொம்ப நாளாச்சு. இந்தப் பொண்ணை நான் பெத்த பொண்ணாத்தான் நினைச்சேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். தினம் காலையில நான் அவளுக்கு ஒரு துண்டு பீச் கேக் எடுத்து வைப்பேன், அவ எனக்கு மூலைக் கடையில இருந்து காப்பி வாங்கிட்டு வருவா. அந்தக் காப்பி குடிச்சாத்தான் எனக்கு அன்னிக்கு வாய் ஓடும்.

புத்தகம் எழுதியாச்சு, எல்லாரும் மெச்சியாச்சு. கடைசியா ஒண்ணு பாக்கி. கமிட்டி வந்து அவ வகுப்புல பின்வரிசையில உக்காந்து பார்க்கும். லூமிஸும் வருவாரு, கல்லூரி டீன் கார்லண்ட் ஸ்ட்ரிப்ளிங்கும் வருவாரு. லூமிஸுக்கு அவ மேல ஒரு கடுப்பு உண்டு. ஒடெஸா பொருளைக் கட்டிக்கிட்டு அழறா, தத்துவம் பத்தாதுன்னு காப்பி மேஜையில ஓதிக்கிட்டே இருப்பாரு. டீனுக்கு அப்படி எதுவும் கிடையாது. வம்பு வரக்கூடாது, பேப்பர்ல பேர் வரக்கூடாது, அதுதான் அவரோட தத்துவம்.

"அப்போ சாதுவா நாலு படம் போட்டுக் காட்டிட்டு முடிச்சுக்கோ, கண்ணு," ன்னேன் நான்.

"படம் எல்லாரும்தான் காட்டறாங்க. நான் நிஜத்தைக் காட்டப் போறேன்"னா. மறுநாள் ஒரு போர்வைச் சுருட்டலை என் மேஜை மேல கொண்டுவந்து வச்சா. பிரிச்சா, நீளமா ஒரு பழைய துப்பாக்கி. கட்டையெல்லாம் கறுத்து, இரும்பு மட்டும் எண்ணெய் போட்டுப் பளபளன்னு இருந்துச்சு. வாய் வழியா மருந்து கொட்டிக் கம்பியால இடிச்சுக் கிட்டிக்கிற ரகம்.

"எலைஜா ப்ரூயிட்டோடது. என் அப்பாவுக்குக் கொள்ளுத் தாத்தா. உள்நாட்டுச் சண்டையில கறுப்பருங்க பட்டாளத்துல இருந்தாரு. சண்டை முடிஞ்சு பிரவுன்ஸ்வில் பக்கம் பட்டாளத்தைக் கலைச்சப்ப, சம்பளத்துல பிடிச்சுக்கிட்டு இதைக் கையோட குடுத்து அனுப்பிட்டாங்க. சட்டப்படி அவருது. தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தே இந்த ஊருக்கு வந்தாரு. வந்த கொஞ்ச நாள்லயே குதிரை மேல வந்து வீடு வீடாத் தேடினாங்க, எந்தக் கறுப்பன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு. இதைச் சமையலறைச் சுவருக்குள்ள வச்சுப் பலகை அடிச்சுட்டாரு. அதோட சரி. என் அப்பா அந்த வீட்டை இடிக்கும்போதுதான் திரும்ப வெளிச்சத்தைப் பார்த்துச்சு."

குதிரை மேல வந்தது யாருன்னு அவ பேர் சொல்லலை. வெள்ளைக்கார டகெட்டுங்க நாங்க இந்த ஊர்ல எத்தனை தலைமுறையா இருக்கோம்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நான் கேக்கை அவ பக்கம் நகர்த்தி வச்சேன்.

"இப்ப இதைக் கேளுங்க"ன்னு அந்த இரும்புக் கம்பியை உருவிக் குழலுக்குள்ள விட்டா. ணங்ங்னு ஒரு சத்தம், சர்ச் மணி மாதிரி. அலுவலகமே நிமிர்ந்து பார்த்துச்சு.

"பட்டாளத்துல பரேடு முடிஞ்சதும் சார்ஜெண்ட் ஒவ்வொருத்தனையும் கம்பியைப் போடச் சொல்வாரு, மிஸ் ரேனெல். உள்ள மருந்து இருந்தா 'தொப்'புன்னு மந்தமாக் கேக்கும். காலியா இருந்தா இப்படி மணி அடிக்கும். குனிஞ்சு பார்க்கவே வேண்டாம், காது போதும். காலித் துப்பாக்கியோட சத்தம் இது."

"இன்னொரு தடவை போடு"ன்னேன். போட்டா. நான் கை தட்டினேன். இந்தப் பொண்ணு ஜெயிச்சுருவான்னு அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

அப்புறம் வந்தான் எங்க வளாகப் பாதுகாப்பு அதிகாரி போய்ட் ஹட்சின்ஸ். நல்லவன்தான். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான், அர்த்தம் மட்டும் கேக்கக் கூடாது.

"கைத்துப்பாக்கியா, மேடம்?"ன்னான்.

"இல்ல, கிட்டத்தட்ட அஞ்சடி நீளம்"னா ஒடெஸா.

"அப்ப கூடாது."

"அடேய் போய்ட்," நான் குறுக்கே புகுந்தேன், "அது உன் தாத்தனுக்குத் தாத்தன் காலத்துக் கிழம். மருந்து இல்ல, குண்டு இல்ல. ஒரு ஆணியைக்கூட அதால சுட முடியாது."

"இருக்கட்டும் ரேனெல். இங்க சட்டம் என்ன? லைசன்ஸ் இருந்தா யார் வேணும்னாலும் கைத்துப்பாக்கி வகுப்புக்குக் கொண்டு வரலாம். குண்டு போட்டே கொண்டு வரலாம். வெளியில தெரியக் கூடாது, அவ்வளவுதான். இது தெரியுது."

"அஞ்சடியை எங்கய்யா ஒளிக்கிறது? பேண்ட்டுக்குள்ளயா?"

"அது உங்க சாமர்த்தியம்."

ஒடெஸா பொறுமையாக் கேட்டா. "சரி போய்ட். என் வகுப்புல எத்தனை பேர்கிட்ட குண்டு போட்ட துப்பாக்கி இருக்குன்னு நான் தெரிஞ்சுக்கலாமா?"

"ஐயையோ, அதெல்லாம் கேக்கவே கூடாது மேடம். அவங்க உரிமையில கை வச்ச மாதிரி ஆயிடும்."

"ஆகக் குண்டு போட்டது கண்ணுக்குத் தெரியாம இருந்தாச் சரி. குண்டே இல்லாதது கண்ணுக்குத் தெரிஞ்சாத் தப்பு."

"இப்பத்தான் மேடம் உங்களுக்குப் புரிஞ்சுது!" போய்ட் முகமெல்லாம் சிரிப்பு. சட்டத்தை ஒருத்தருக்குப் புரிய வச்சுட்ட திருப்தி அவனுக்கு. போற போக்குல என் மேஜைக்குக் கீழே ஒரு பார்வை விட்டு, "கேக்கக் கூடாதுங்கிறது எல்லாருக்கும் நல்லதுதான், இல்லையா ரேனெல்?"னான். போய் வேலையைப் பாருன்னு விரட்டினேன்.

நான் டீன் ஆபீசுக்கும் போய்ட் ஆபீசுக்குமா நடந்து நடந்து செருப்பு தேஞ்சுது. கடைசியில ஒருவழியா அனுமதி வந்துச்சு. வகுப்பு நடக்கிற நேரம் மட்டும், கல்விக்காக, அந்தத் துப்பாக்கி கண்ணுக்குத் தெரியலாமாம். வர்ற வழியிலயும் போற வழியிலயும் ஒளிஞ்சுதான் இருக்கணும். போய்ட் வந்து சோதிச்சு, காலின்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். டீன் கையெழுத்துப் போடும்போது, "மாணவர் பாதுகாப்புதான் எனக்கு முக்கியம், ரேனெல், துப்பாக்கின்னாலே எனக்கு உதறல்"னு நெஞ்சுல கை வச்சாரு. நானும் நம்பித் தொலைச்சேன்.

ஒளிக்கிறதுக்கு இசைத் துறையில போய் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிடில் பெட்டி இரவல் வாங்கினேன். பெரிய ஜாஸ் ஃபிடில் இருக்கே, நின்னுக்கிட்டு வாசிப்பாங்களே, அதோட பெட்டி. வகுப்பு அன்னிக்குக் காலையில அதைச் சக்கரத்துல வச்சுத் தள்ளிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் வளாகத்தைக் குறுக்கால நடந்தோம். அடேங்கப்பா, என்ன மரியாதை! வழி விடறதென்ன, கதவைப் பிடிக்கிறதென்ன. அந்தப் பொண்ணு ஆறு வருஷமா கை நிறையப் புத்தகத்தோட அந்த வழியா நடந்திருக்கா, ஒருத்தன் கதவைப் பிடிச்சதில்ல. டீன் ஸ்ட்ரிப்ளிங்கே வாசல்ல நின்னு கதவைப் பிடிச்சுக்கிட்டு, ஒடெஸாவை யாரோ வாத்தியக்காரின்னு நினைச்சு, "இன்னிக்கு என்னம்மா வாசிக்கப் போறீங்க?"ன்னாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல அவ தலையெழுத்தை எழுதப் போற மனுஷன்!

"பழைய மெட்டு, சார்"னா ஒடெஸா.

எனக்குச் சிரிப்பு தாங்கலை. படி ஏறும்போது என் காதுகிட்ட, "தலைமுறை தலைமுறையா ஒளிச்சு வச்சோம் மிஸ் ரேனெல், இப்ப சட்டமே ஒளிக்கச் சொல்லுது. எங்க வீட்டுக்குப் பழக்கப்பட்ட வேலைதான்"னு சொல்லி அவளும் சிரிச்சா. கை மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு. நான் பிடிச்சுப் பார்த்தேன்.

வகுப்பறை பழைய காலத்து ஹால். உயரமான கூரை, மர பெஞ்சு. பின்வரிசையில டீன், லூமிஸ், பக்கத்துல இன்னும் ரெண்டு பேராசிரியருங்க, ஏதோ துக்கத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருந்தாங்க. எனக்கு அங்க வேலையே இல்ல. இருந்தாலும் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டேன், அவ நிமிர்ந்து பார்த்தா ஒரு முகமாவது சிரிச்ச முகமா இருக்கட்டும்னு. கைப்பையை மடியில வச்சுக்கிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, என்னமாப் பேசினா! "துப்பாக்கி எத்தனை பேர்கிட்ட இருந்துச்சுன்னு எண்ணினவங்க நிறைய பேர் இருக்காங்க. என்னோட கேள்வி வேற. யார் கையில இருந்தா ஊர் நிம்மதியாத் தூங்குச்சு? அதே துப்பாக்கி யார் கையில இருந்தா ஊர் பதறிப்போய்க் குதிரை ஏறுச்சு? துப்பாக்கி மாறலை. பார்த்த கண்ணுதான் மாறுச்சு." பசங்க குனிஞ்சு எழுதினாங்க. முன்வரிசையில ஒரு பொண்ணு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே கேட்டுது. மூணாவது பெஞ்சுல ஒரு பய வழக்கம்போல வாயைப் பிளந்து தூங்கினான். லூமிஸ்கூட ரெண்டு தடவை தலையை ஆட்டினாரு, நான் பார்த்தேன்.

அப்புறம் பெட்டியைத் திறந்தா. எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க. போய்ட் வந்து கம்பியை உள்ள விட்டான். ணங்ங். அந்தக் கூரைக்கு அது இன்னும் ஜோரா ஒலிச்சுது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு ஒடெஸா விளக்கினா. போய்ட் நெஞ்சை நிமிர்த்தி, "காலி! நான் சோதிச்சுட்டேன்! உள்ள ஒண்ணுமே இல்ல!"ன்னு ஊருக்கே கேக்கிற மாதிரி அறிவிச்சுட்டுக் கதவோரம் போய் நின்னுக்கிட்டான். எல்லாருக்கும் கேட்டுச்சு. தூங்கினவன்கூட முழிச்சுக்கிட்டான்.

"எலைஜா ஒரே ஒரு குண்டு சுடறதுக்கு என்னென்ன செய்யணும்னு பாருங்க"ன்னு செஞ்சு காட்டினா. வெறும் காகிதத்தைப் பல்லால கடிச்சா. இல்லாத மருந்தைக் கொட்டினா. இல்லாத குண்டைக் கம்பியால கிட்டிச்சா. "இத்தனையும் எதிரி பார்த்துக்கிட்டு இருக்கும்போது செய்யணும்"னா. பசங்க சிரிச்சாங்க. கடைசியா வைக்கிற செம்புப் பொட்டை, சின்னப் பசங்க பொட்டு வெடி மாதிரி இருக்குமே, அதை வைக்கவே இல்ல. துப்பாக்கியைத் தூக்கித் தோள்ல வச்சா. எங்க யாரையும் பார்த்து இல்ல. பக்கவாட்டுல திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைக் குறி பார்த்தா. விசையைத் தட்டினா.

டக்.

அவ்வளவுதான். பெட்டிப் பூட்டு சாத்தின அளவுக்கு ஒரு சத்தம்.

பெஞ்சுங்க கிறீச்சுன்னு நகர்ந்துச்சு. ஸ்வெட்டர் பின்னின பொண்ணோட நூலுருண்டை கீழே உருளுது, அவ கை நூல் பைக்குள்ள. தூங்கின பய பெஞ்சுக்குப் பின்னாடி மண்டி போட்டுட்டான், கை இடுப்புல, கறுப்பா ஒரு பிடி தெரியுது. அந்த மூலையில ஒருத்தன் பூட்சுக்குள்ள கையை விட்டிருக்கான், இந்தப் பக்கம் ஒருத்தன் சட்டையைத் தூக்கியிருக்கான். போய்ட் கை இடுப்பு உறையில. துப்பாக்கின்னாலே உதறல்னு சொன்ன டீன் ஸ்ட்ரிப்ளிங் கோட்டைத் திறந்து நிக்கிறாரு, உள்ள முத்துப் பிடி போட்ட கைத்துப்பாக்கி பாதி வெளியே வந்தாச்சு. லூமிஸ் சாரைக் காணோம். பெஞ்சுக்கு அடியில அவர் செருப்பு மட்டும் தெரிஞ்சுது. வாக்கியத்தைக் கண்டு பதுங்கிட்டாரு.

காலின்னு மணி அடிச்சதை எல்லார் காதும் கேட்டுச்சு. கை கேக்கலை. ஒடெஸா சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டு இருந்தா. அத்தனை பேரும் அவளைப் பார்த்துத் திரும்பி இருந்தாங்க.

அவ திரும்பலை. முதல்ல துப்பாக்கியை மெதுவா, ரொம்ப மெதுவா மேஜை மேல வச்சா. அப்புறம் ரெண்டு கையையும் விரிச்சு மேல தூக்கினா. ஒருத்தரும் தூக்கச் சொல்லலை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு அதை யாரும் சொல்லணும்னு இல்ல. கையைத் தூக்கினபடியே எங்க பக்கம் திரும்பினா. வகுப்பு எடுக்கிற அதே குரல்ல, "காலின்னு எல்லாரும் கேட்டீங்க"ன்னா.

அவ கண்ணு ஒவ்வொருத்தரா நகர்ந்து வந்துச்சு. சட்டையெல்லாம் கீழே இறங்குச்சு, கையெல்லாம் வெளியே வந்துச்சு, தொண்டையைச் செருமினாங்க. கடைசியா ஜன்னலோரம் வந்து என் மேல நின்னுச்சு. சிரிச்ச முகத்தைத் தேடித்தான் வந்திருப்பா, பாவி மக.

என் வலது கை கைப்பைக்குள்ள இருந்துச்சு. மணிக்கட்டு வரைக்கும். டேல் போறதுக்கு முன்னாடி எனக்கு வாங்கிக் குடுத்தது, சின்னதுதான், ஆனா கனம். எப்ப உள்ள போச்சு அந்தக் கைன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. விரல் மட்டும் எங்க இருக்கணுமோ அங்க இருந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. சட்டப்படி பார்த்தா அந்த ஹால்ல வெளியே தெரிஞ்ச அத்தனையும் குற்றம், டீனோட முத்துப் பிடி உட்பட. கண்ணுக்குத் தெரிய அனுமதி வாங்கியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான், எலைஜாவோடது. டீனுக்கு இது சட்டுன்னு உறைச்சுது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டே, "போய்ட், நீ ஏதாவது பார்த்தியா?"ன்னாரு.

"கண்ணாடி துடைச்சுட்டு இருந்தேன், சார்."

போய்ட் கண்ணாடியே போடறதில்ல.

லூமிஸ் முழங்கால் தூசியைத் தட்டிக்கிட்டு எழுந்து வந்தாரு. கண்ணெல்லாம் பிரகாசம். "அபாரம், ஒடெஸா, அபாரம்! எங்களையே ஆய்வுப் பொருளா ஆக்கிட்டீங்களே! திட்டம் போட்டுத்தானே செஞ்சீங்க? இதை நான் எழுதியே ஆகணும்!"

"மருந்து கிட்டிக்கிறதைக் காட்டினேன், ப்ரொஃபசர். வேற ஒண்ணும் செய்யலை."

"ஆகா, என்ன தன்னடக்கம்!"

அன்னிக்குச் சாயங்காலமே கமிட்டி கூடி ஒருமனதா முடிவு பண்ணிட்டாங்க. ஆயுசுக்கும் வேலை. ஒருத்தர் வாயிலயும் மாற்றுக் கருத்தே வரலை. அறிக்கையை டைப் அடிச்சது நான்தான். "மாணவர்கள் உடலாலும் உள்ளத்தாலும் முழுமையாகப் பங்கேற்ற வகுப்பு"ன்னு டீன் சொல்லச் சொல்ல அடிச்சேன். பேச்சுவாக்குல, நடந்ததை யாரும் எழுதவும் வேண்டாம், வெளியே பேசவும் வேண்டாம்னு ஒடெஸாகிட்ட சொல்லிட்டாங்க. லூமிஸையும் பேனாவை மூடச் சொல்லியாச்சு. அவ சரின்னு தலையாட்டினா. வேற என்ன செய்வா, அப்பன் சாப்பிடணுமே.

மறுநாள் காலையில பெரிய துண்டா வெட்டி வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அவ வந்தா. கையில காப்பி இல்ல.

"கண்ணு! வேலை உறுதியாயிடுச்சே! அப்பாகிட்ட சொன்னியா?" என் குரல் எனக்கே கொஞ்சம் ஓவராக் கேட்டுச்சு.

"சொன்னேன். நல்லா சாப்பிட்டாரு."

"அது வந்து... நேத்து... யோசிச்செல்லாம் செய்யலைடா. தனியா இருக்கிறவ நான், ஏதோ ஒரு பழக்கம். கை தானா..."

"தெரியும். எல்லாருக்கும் கை தானாத்தான் போச்சு." கோபமே இல்ல அவ பேச்சுல. கத்தியிருந்தா, என் மூஞ்சியில துப்பியிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். "டீன் கிடக்கட்டும், போய்ட் கிடக்கட்டும். உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கணும். இதே மேஜை மேல அந்த மணியை நீங்க கேட்டீங்க. இன்னொரு தடவை போடுன்னு கேட்டு வாங்கினீங்க. நேத்து அந்த அறையில கையில துப்பாக்கியோட நின்னுக்கிட்டு இருந்தது நான் ஒருத்திதான். யாரைச் சுடறதா இருந்தீங்க, மிஸஸ் டகெட்?"

ஆறு வருஷத்துல அவ என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மிஸ் ரேனெல்னுதான் கூப்பிடுவா, இங்க பிள்ளைங்க சொந்த அத்தையைக் கூப்பிடற மாதிரி.

ஊர்ல அத்தனை பேரையும் நக்கலடிக்கிற நான் கேக்கை அவ பக்கம் நகர்த்தி வச்சேன். அவ அவசரப்படலை. நிஜமாவே பதிலுக்குக் காத்துக்கிட்டு, என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் வகுப்புக்கு நேரமாச்சுன்னு போயிட்டா.

கேக்கை மூடி வச்சேன். மேஜைக்குக் கீழே கைப்பை கால்ல இடிச்சுது. எடுத்துட்டுப் போய்க் காருல வச்சிருவோம்னு குனிஞ்சேன். மனசு வரலை, அப்படியே விட்டுட்டேன்.